பவுடருக்குத் தீட்டில்லை

மானுட குலம் நெடுங்காலமாக எதிர்பார்த்துக் காத்திருந்த தீர்ப்பு ஒன்று, 1959ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராகுகாலம் முடிந்த எட்டாவது நிமிஷத்தில், திருவண்ணாமலையில் வெளியிடப்பட்டது. பால் பவுடருக்குத் தீட்டுக் கிடையாது. தண்ணீர் சேர்ந்தால் உண்டு; சேராதவரை கிடையாது. அருணாசல மாதர் நல சேவா சங்கத்தின் ஏழு உறுப்பினர்களும் இதை ஆதரித்துக் கைதூக்கினார்கள். ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் கையைப் பக்கத்திலிருந்தவர் தூக்கிவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதை எழுதியவர் சங்கத்தின் காரியதரிசி சக்கரபாணி. மாதர் சங்கத்துக்கு ஆண்பிள்ளை காரியதரிசியா என்று கேட்கக் கூடாது. மாதருக்கு இங்கிலீஷில் மினிட்ஸ் எழுத வராது. எழுத வருகிற ஒன்றிரண்டு பேருக்கு வீட்டில் உத்தரவு வராது. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் பேனா பிடித்து ஓய்வுபெற்ற சக்கரபாணிக்கோ பகல் வேளையில் வீட்டில் மரியாதை இல்லை. ஆகவே மாதரின் முன்னேற்றத்துக்குத் தம்மை அர்ப்பணித்துக்கொண்டார்.

இந்தத் தீர்ப்பு வழங்கும்படி சங்கத்தை நெருக்கியது சர்க்கார். கோயிலுக்குப் பின்புறத் தெருவில் சங்கம் நடத்திய குழந்தைகள் மையத்துக்கு அமெரிக்கப் பால் பவுடரும் மானியமும் வருவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: மையத்தில் பயிற்சி பெற்ற ஹரிஜன சேவிகா ஒருத்தி இருந்தாக வேண்டும். அப்படியே வேங்கிக்கால் சேரியிலிருந்து காசியம்மாள் வந்து சேர்ந்தாள். அவள் வந்த மறுநாள் தெருக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிள்ளைகள் இல்லாவிட்டால் மானியம் கிடையாது. காசியம்மாள் இல்லாவிட்டாலும் கிடையாது. சங்கத்தின் தலைவி, வக்கீல் சோமசேகரனின் மனைவி மங்களாம்பிகை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சக்கரபாணி வழி சொன்னார்.

"ஏம்மா, உங்க வூட்டு நெல்ல அறுக்கறது யாருங்க? தூத்தறது யாருங்க? அந்த நெல்லுதானே அண்ணாமலையாருக்கே நைவேத்தியமாப் போவுது. ஒலந்த சாமானுக்கு தோஷமில்லீங்க. தண்ணி பட்டாத்தான் விவகாரம்."

"அதானே," என்றாள் மங்களாம்பிகை. "எங்காத்துல மிளகாகூட அவா கையாலதான் பறிச்சு வரது."

காரியம் முடிந்தது. காசியம்மாள் டிரம்மிலிருந்து பவுடரை அளந்து, காய்ந்த பாத்திரத்தில் போட்டு, பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நாலடி விலகி நிற்க வேண்டியது. பாகம்பிரியாள் வந்து பாத்திரத்தை எடுத்து, வெந்நீர் விட்டுக் கலக்கி, குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியது. இந்தப் பாகம்பிரியாள், கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்துச் செத்துப்போன சாம்பமூர்த்தியின் பெண்டாட்டி. முப்பது வயசு. சங்கத்து அம்மாள்கள் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் அவள் எதிரே வரக் கூடாது. ஆனால் அவள் ஊற்றுகிற தண்ணீர் சுத்தமானது. சேரிப் பிள்ளைகளுக்குப் பால் உண்டா என்று காசியம்மாள் முதல் வாரமே கேட்டாள். அவர்களுக்கென்று தனி மையம் ஒன்று ஐந்தாண்டுத் திட்டத்தில் பரிசீலனையில் இருப்பதாகச் சக்கரபாணி சொன்னார். எந்த ஐந்தாண்டு என்று அவர் சொல்லவில்லை.

காசியம்மாளுக்கு இருபத்திரண்டு வயசு. பத்தாவது தேறி, சேவிகா பயிற்சியும் முடித்தவள். பயிற்சிப் பள்ளியில் அவள் அதிகம் கற்றது பால் கலக்கத்தான். வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், பவுடரை முதலில் எப்படிக் குழைக்க வேண்டும், கட்டி தட்டாமல் எந்தப் பக்கமாகக் கிண்ட வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு எழுதி வைத்திருந்தாள். பரீட்சையில் அதில்தான் முதல் மார்க். இப்போது அந்தக் கையைக் கட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்று, பாகம்பிரியாள் பவுடரின் தலையில் கொதிநீரைக் கொட்டி உருண்டை உருண்டையாக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல கொஞ்சமா ஊத்திக் கொழைச்சுக்கணும்மா," என்று ஒருநாள் மெல்லச் சொன்னாள்.

"எனக்கு என்னடி தெரியும். எங்காத்துல பசு மாடுன்னா இருந்துது," என்றாள் பாகம்பிரியாள். "நீ அங்கேர்ந்தே சொல்லு, நான் பண்றேன்."

அன்றிலிருந்து காசியம்மாளின் வாயும் பாகம்பிரியாளின் கையும் சேர்ந்து பால் கலக்கின. வாய்க்குத் தீட்டு உண்டா என்று எவரும் தீர்மானம் போடவில்லை.

இத்தனையையும் அவள் சகித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. ஆறு மாசம் புரொபேஷன். கார்த்திகையில் சென்னையிலிருந்து அதிகாரி வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனால் வேலை நிரந்தரம். நிரந்தரமாகாவிட்டால் தையில் கல்யாணம். மாப்பிள்ளை கண்ணாயிரம், அவளுடைய அக்கா புருஷன். அக்கா இரண்டாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கண்ணாயிரம் குடித்துவிட்டு அக்காவை உதைத்த உதையைக் காசியம்மாள் நேரில் பார்த்திருக்கிறாள்.

"புள்ளைங்க ரெண்டும் தாயில்லாம கெடக்குது. நீ போவலேன்னா யாரு போறது?" என்று கேட்டான் அவள் அப்பன் சடையன்.

"வேலை பர்மனெண்ட் ஆயிடுச்சுன்னா புள்ளைங்கள நானே கொண்டாந்து வளக்கறேன் நைனா. அந்த ஆளு வாணாம்."

"அவனுக்கு வார்த்தை குடுத்துட்டேனே."

"கார்த்திகை வரிக்கும் பொறு. சர்க்கார் காயிதம் வந்துட்டா நீயே அவங்கிட்ட சொல்லிடு."

சடையன் யோசித்தான். சர்க்கார் காகிதத்தின் மேல் அவனுக்குப் பயம் கலந்த மரியாதை உண்டு. "செரி. தை பொறக்கற வரிக்கும்தான்," என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையின் தலையை ஒரு வாரம் யாரும் பார்க்கவில்லை. காற்றில் இருந்த ஈரம் டிரம்முக்குள்ளும் இறங்கிப் பவுடர் கட்டி தட்டியது. அதோடு ஒரு புளித்த வாடையும் கிளம்பியது. ஈரப்பசை ஏறிய பவுடரைக் காசியம்மாள் தொட்டால் அது காய்ந்த சாமான் கணக்கா, ஈரச் சாமான் கணக்கா என்று ஒரு அம்மாள் சந்தேகம் கிளப்ப, சங்கம் அவசரமாகக் கூடியது. ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. அளக்கப் போன காசியம்மாளை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு, அவள் விரலில் இருக்கும் ஈரத்தைப் பற்றியும் வானத்தில் இருக்கும் ஈரத்தைப் பற்றியும் ஏழு பட்டுப்புடவைகள் பேசின. வானத்து ஈரம் பகவான் கொடுத்தது, அது கணக்கில் வராது என்று கடைசியில் சக்கரபாணி பதிவுசெய்தார். வாசலில் நின்றவள், உள்ளேயிருந்து வருவது புளித்த பவுடர் வாடை என்று நினைத்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அது போகவில்லை.

சர்க்கார் அதிகாரிகளின் திருவண்ணாமலைத் தணிக்கை எப்போதும் கார்த்திகை தீபத்தை ஒட்டியே வரும். நாட்டின் நலம் அந்தப் பௌர்ணமிக்குத்தான் அதிகமாகக் கவனிப்பு கேட்கும். இந்த வருஷமும் தீபத்துக்கு முதல்நாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருவதாகக் கடிதம் வந்தது. சமூகப் பணியில் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் ஒரு வருஷம் படித்தவர் என்று சக்கரபாணி கேள்விப்பட்டிருந்தார். மையத்துக்கு வெள்ளையடித்தார்கள். குழந்தைகளுக்குத் தலை வாரி ரிப்பன் கட்டச் சொன்னார்கள். தேரடி வீதியிலிருந்து போட்டோக்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த நாளும் வந்தது. காலை எட்டு மணிக்குப் பாகம்பிரியாள் மையத்தின் கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் வந்து நின்றாள்.

"காசி, கிட்ட வராதே. அங்கேயே நில்லு."

ஆறு மாசமாகத் தான் கேட்டுவந்த வார்த்தையை இன்னொருத்தி தனக்கே சொல்லிக்கொள்கிறாளே என்று காசியம்மாள் ஒரு கணம் திகைத்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"விடிகாலைல தூரமாயிட்டேண்டி. மூணு நாளைக்கு நான் ஒண்ணுத்தையும் தொடப்படாது. மங்களாம்பிகை மாமிகிட்ட நீயே போய்ச் சொல்லிடு. எனக்கு பயமா இருக்கு. இந்த வேலையும் போச்சுன்னா எனக்குக் கதி கிடையாது."

"அதுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ."

"நான் என்ன பண்ணுவேன்னு யாருடி கேக்கப் போறா," என்று சொல்லிவிட்டுப் பாகம்பிரியாள் சுவரோரமாகவே நடந்து போனாள்.

ஒன்பது மணிக்குள் ஏழு அம்மாள்களும் கூடிவிட்டார்கள். எது கனமான தீட்டு, மூன்று நாளில் போவதா, சாகும்வரை போகாததா என்ற கேள்விக்கு இரண்டு பேர் சாஸ்திரம் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தன. சரி, இன்று ஒருநாள் சங்கத்தில் யாராவது ஒருவர் கலக்கலாமே என்று பேச்சு வந்தது. ஒருவருக்கு முழங்கை வலி. ஒருவர் மடி. ஒருவருடைய பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். பால் கலக்கிக் கொடுக்கிறவள் என்று அவர்கள் காதுக்குப் போனால் நன்றாக இராது. எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள்.

"நான் ஹாரம் போட்டு வரவேற்கணுமோல்லியோ," என்றாள் மங்களாம்பிகை. "தலைவி கையில கரண்டி இருந்தா போட்டோல எப்படி இருக்கும்? சக்கரபாணி, நீங்க கலக்கப்படாதா?"

"நானா? மாதர் சங்கத்துல ஆம்பளை பால் கலக்கினா அதிகாரியம்மா என்னா நெனைப்பாங்க? பெண்கள் முன்னேற்றத்துக்கே கெட்ட பேருங்க."

காசியம்மாள் வாசற்படிக்கு வெளியிலிருந்து சொன்னாள்: "நான் கலக்கறேங்கம்மா. படிச்சது அதுதானே."

கொழுக்கட்டைக்குள் கல் அகப்பட்டதுபோல ஏழு பேரும் வாயை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சக்கரபாணிதான் மறுபடி நாட்டைக் காப்பாற்றினார். "கலக்குவானேங்க? பவுடராவே குடுத்துடலாம். தொன்னைல ரெண்டு கரண்டி. தண்ணிய அவங்கவங்க வூட்ல போயி குடிச்சுக்கட்டும்."

"கொழந்தைங்களுக்கு தொண்டைல அடைக்குங்க," என்றாள் காசியம்மாள்.

"நீ ஒண்ணு. பசங்க டிரம்ம கவுத்து நக்கறத நானே பாத்திருக்கேன்."

பத்தரை மணிக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். கதர்ப் பட்டு, கைக்கடிகாரம், தோல் பை. ஹாரம் விழுந்தது. முப்பது குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காசியம்மாள் ஒவ்வொரு தொன்னையிலும் மேலிருந்து இரண்டு கரண்டி பவுடர் போட்டுக்கொண்டே போனாள். போட்டோக்காரர் விளக்கைப் பளிச்சென்று அடித்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் படிவத்தை எடுத்தார்.

"சேவிகா ஹரிஜன் தானே?"

"அசல் ஹரிஜன்ங்க," என்றார் சக்கரபாணி, நெய்க்கடைக்காரர் மாதிரி.

"குழந்தைகள் அவங்க கையால வாங்கிச் சாப்பிடறாங்களா?"

"கண்ணால பாக்கறீங்களே."

இன்ஸ்பெக்ட்ரஸ் இரண்டு இடத்தில் சரி என்று குறி போட்டார். அவர் கண் ஈரமாயிற்று. "பாலைக் கலக்காமல் ஏன் தர்றீங்க?" என்று கேட்டார்.

"தண்ணி மூலமாத்தான் வயித்துப்போக்கு பரவுதுங்க. அதனால சங்கம் ஒலந்த முறைய கையாளுது," என்று சக்கரபாணி இமைக்காமல் சொன்னார்.

"வெரி இன்ட்ரஸ்டிங்," என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அரைப் பக்கம் எழுதிக்கொண்டார். பிறகு, பயிற்சி பெற்றவர்கள் செய்வதுபோல், ஊழியரோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். தனியாக என்றால் மங்களாம்பிகை இரண்டடி பின்னால் நின்றாள் என்று அர்த்தம்.

"உனக்கு ஏதாவது குறை இருக்கா? என்கிட்ட ஃப்ரீயா பேசலாம்."

காசியம்மாளுக்குத் தை மாசம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டால் காகிதம் வந்துவிடும். ஆனால் அதிகாரி கேட்கிறாரே, படித்தவராயிற்றே, ஒரு பெண்ணாயிற்றே என்றும் தோன்றியது. இந்த மூன்றாவது எண்ணம்தான் அவளை ஏமாற்றியது.

"பாலை என்னைக் கலக்க வுட மாட்டேங்கறாங்கம்மா. நான் தண்ணி தொடக் கூடாதாம். அதான் இன்னிக்கி பவுடரா குடுக்கறது."

இன்ஸ்பெக்ட்ரஸ் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஸோஷல் ஒர்க்னா பேஷன்ஸ் வேணும்மா. சமூகம் மெதுவாத்தான் மாறும். உன்கிட்ட ஒரு மனக்கசப்பு தெரியுது. அதை நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." படிவத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

அப்போது வரிசையின் கோடியில் ஒரு குழந்தை இருமியது. வள்ளி என்று பெயர், பூக்காரி பாஞ்சாலையின் நாலு வயசுப் பெண். வாய் நிறையப் பவுடரை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. இருமல் ஒருமுறை வந்து, அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. முகம் கறுத்தது. கண் பிதுங்கியது. வாயோரத்தில் வெள்ளைக் களி.

"யாராவது தண்ணி குடுங்கோளேன்," என்றாள் மங்களாம்பிகை. ஏழு அம்மாள்களும் யாராவது யார் என்று தேடினார்கள். சக்கரபாணி மினிட்ஸ் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்ட்ரஸ் பையைத் திறந்து எதையோ தேடினார்.

காசியம்மாள் ஓடினாள். குழந்தையைக் குப்புறச் சாய்த்து முதுகில் தட்டினாள். விரலை விட்டு வாயிலிருந்த களியை வழித்தாள். மூலையில் பாகம்பிரியாளின் பித்தளைக் குடம் இருந்தது. அதற்குள் தம்ளரை விட்டு மொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். வள்ளி வாந்தியெடுத்தது. பிறகு வீரிட்டு அழுதது.

குழந்தை அழுததும் எல்லாருக்கும் உயிர் வந்தது. ஆனால் ஒருவர் கண்ணும் குழந்தையின் மேல் இல்லை. எல்லாரும் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காசியம்மாளின் கையெல்லாம் கோழையும் பவுடரும் வழிந்தது. அதில் அவளுக்கு அருவருப்புத் தட்டவில்லை. நிமிர்ந்து அந்த முகங்களைப் பார்த்தபோதுதான் குமட்டியது. கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த கூழையெல்லாம் வெளியே விட்டாள். திரும்பி வந்தபோது குடம் தெருவில் கவிழ்ந்து கிடந்தது. குழந்தைகள் குளிக்க வீட்டுக்குப் போயிருந்தன. இன்ஸ்பெக்ட்ரஸ் மறுநாள் தீபத்துக்கு நல்ல இடம் பிடிக்கப் போயிருந்தார்.

கடிதம் இருபது நாளில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் சக்கரபாணி படித்துச் சொன்னார். அவர் நல்ல மனுஷர். நிற்க வைத்தேதான் சொன்னார் என்றாலும் நிழலில் நிற்கச் சொன்னார்.

"நிரந்தரம் பண்ண சிபாரிசு இல்லேன்னு போட்டிருக்காங்கம்மா. ரெண்டு காரணம். ஒண்ணு, சேவிகாவோட முதல் கடமை பால் கலக்கறது. ஆறு மாசத்துல ஒருநாள்கூட நீ கலக்கினதா ரிஜிஸ்தர்ல இல்ல. ரெண்டு, சங்கத்தோட வேலைப் பிரிவினைய மீறி குடிதண்ணிய கையாண்டிருக்க."

காசியம்மாள், "கலக்கக் கூடாதுன்னு தீர்மானம் எழுதனது நீங்கதானே சார்? அத மேல அனுப்பனா தெரிஞ்சிடுமே," என்றாள்.

சக்கரபாணி பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். "அதை அனுப்ப முடியுமா? இன்னா பேசற நீ. தீண்டாமை சட்டவிரோதம்மா."

உள்ளேயிருந்து மங்களாம்பிகை வந்தாள். "நல்ல பொண்ணுதான் பாவம். நன்னடத்தை சர்டிபிகேட் வேணும்னா தரச் சொல்றேன்," என்று சக்கரபாணியிடம் சொன்னாள், காசியம்மாளைப் பார்க்காமல்.

"அதுல பால் நல்லா கலக்குவான்னு எழுதச் சொல்லுங்கம்மா," என்றாள் காசியம்மாள்.

"பாத்தேளா," என்றாள் மங்களாம்பிகை. "மனக்கசப்புன்னு அந்த அம்மா சரியாத்தான் எழுதியிருக்கா."

வள்ளியின் தாய் பாஞ்சாலை அன்று மாலை வேங்கிக்கால் சாலையில் காசியம்மாளை வழிமறித்து, ஒரு முழம் கனகாம்பரத்தைக் கையில் திணித்தாள். "எம் பொண்ணு உசுரு உன்னாலதான் தாயி," என்றாள். சற்றுத் தள்ளி நின்று, மேலே படாமல்தான் திணித்தாள்.

அந்த மார்கழியில் சென்னையில் கூடிய சமூக நல மாநாட்டில், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் உலர் ஊட்ட முறையைப் பற்றி இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ஒரு கட்டுரை படித்தார். ஹரிஜன சேவிகா குழந்தைகளுக்குத் தன் கையாலேயே அமுது படைக்கும் போட்டோவை எல்லாருக்கும் காட்டினார்கள். சாதி பேதமற்ற புதிய பாரதத்தின் உதயத்தை அண்ணாமலையின் அடிவாரத்தில் கண்டதாக ஒரு மந்திரி சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மங்களாம்பிகைக்குச் சால்வையும், சங்கத்துக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரமும் கிடைத்தன. தன்னலமற்ற சேவையின் மூலம் தாய்க்குலத்தின் விலங்குகளை உடைத்தெறிந்ததற்காக என்று அதில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது.

தை பிறந்து ஐந்தாம் நாள் காசியம்மாளைக் கண்ணாயிரத்துக்குக் கட்டிவைத்தார்கள்.